மூத்தாள் படம்

என்னை இரண்டாம் தாரமாகக் கேட்டு வந்தபோது, மாப்பிள்ளைக்கு என்ன வேலை, ஊரில் நிலம் உண்டா, ஆள் எப்படி என்று எங்கள் அப்பா துருவித் துருவி விசாரித்தார். ஆத்தா கதவோரம் நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மூத்தவ எப்படிங்க போய்ச் சேந்தா?"

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரசவத்தில் போய்விட்டாள், பிள்ளையும் வயிற்றிலேயே போய்விட்டது என்று தரகர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பூவும் பொட்டுமாகப் போனவளை எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். வருஷா வருஷம் புதுச் சேலை எடுத்து, மஞ்சள் குங்குமம் பூ வைத்துப் படையல் போட வேண்டும். போட்டால் வீட்டைக் காப்பாள். போடாவிட்டால், தன் இடத்துக்கு வந்தவளின் வயிற்றில் எதையும் தங்கவிட மாட்டாள். பிள்ளையைக் கண்ணால் பார்க்காமலே போனவள் என்றால் கேட்கவே வேண்டாம்.

அப்படியும் கொடுத்தார்கள். சித்தேரி மலைக்குக் கீழே, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். ஐந்தாவது வரை படித்திருந்தேன், மூக்கும் முழியுமாகத்தான் இருந்தேன். ஆனால் வாயாடி என்று ஊர் முழுக்கப் பேர் எடுத்திருந்ததால் முதல் தாரமாகக் கேட்டு யாரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. "இந்த வாய்க்கு ரெண்டாந்தாரமே அதிகம்" என்று அப்பாவே சொன்னார். பெற்ற தகப்பன் சொல்கிற பேச்சா அது? கிளம்புகிற அன்றைக்கு ஆத்தா என் காதோடு சொன்னாள்: "வூட்டுக்குள்ள போனதும் மொதல்ல மூத்தாளக் கும்புடு. அப்புறம் அடுப்பப் பத்த வையி. அவளப் பத்தி அவருகிட்ட வாயத் தொறந்து கேக்காத. பேரெடுத்தா ஆம்பளைக்கு மனசு அங்கியே போயிரும்."

ஆத்தா சொன்னதை நான் அட்சரம் தவறாமல் கேட்டு நடந்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

அவர் தர்மபுரி ஹைஸ்கூலில் டிராயிங் மாஸ்டர். பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவில் வாடகைக்கு ஓட்டு வீடு. யுத்தம் இன்னும் வரவில்லை. வலது காலை வைத்து உள்ளே போனதும், கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த படம் கண்ணில் பட்டது. அதில் ஒரு பெண். தலை நிறையப் பூ. நாம் வைக்கிற மாதிரி கொண்டையில் இல்லை, நெற்றிக்கு மேலே வட்டமாகச் சுற்றியிருந்தது. ஒரு கையில் பூச்சுற்றிய கோல். இன்னொரு கை, உடுத்தியிருந்த கனத்த பச்சைத் துணியை வயிற்றுக்கு மேலே சேர்த்துப் பிடித்திருந்தது. வயிறு நன்றாகப் புடைத்திருந்தது. முகம் லேசாகச் சாய்ந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திய மாதிரி இருந்தது.

பூவும் வயிறுமாக இந்த வீட்டுச் சுவரில் வேறு யார் இருக்க முடியும்?

ஆள் நல்ல வெள்ளையாக இருந்தாளே, அப்போதாவது உனக்குச் சந்தேகம் வரவில்லையா என்று இன்றைக்கு என் மகள் கேட்கிறாள். அந்தக் காலத்துக் காலண்டரில் மாரியம்மனையே ரோஸ் நிறத்தில்தான் அச்சடித்தார்கள். படம் என்றால் சிவப்பாகத்தான் போடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம். உடுப்பு நம் ஊர் உடுப்பாக இல்லை. அதற்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். பட்டணத்தில் படித்த டிராயிங் மாஸ்டர், பெண்டாட்டிக்கு நாடகக்காரி மாதிரி வேஷம் போட்டு உட்காரவைத்து வரைந்திருக்கிறார், அவ்வளவுதானே?

அடுப்பு மூட்டும் முன்பு குங்குமத்தைக் குழைத்து, கண்ணாடிமேல் அவள் நெற்றியில் பொட்டு வைத்தேன். ஆத்தா கொடுத்தனுப்பிய கனகாம்பரத்தில் பாதியைக் கிள்ளிச் சட்டத்தின் மேல் சாத்திக் கும்பிட்டேன். திரும்பினால் வாசற்படியில் அவர் நிற்கிறார், கையில் குடையோடு. என்னைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தார். கண் இரண்டும் நிறைந்துவிட்டது. குடையை ஆணியில் மாட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். இதற்கு மேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

அன்றிலிருந்து அவளும் நானும் ஒரு வீட்டில் குடித்தனம் செய்தோம். அவர் பள்ளிக்கூடம் போய்விட்டால் பேச்சுக்கு எனக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது. "ஒம் புருசனுக்குக் கொழம்புல உப்புப் பத்தலையாம், நீ எவ்ளோ போட்ட? சொல்லிட்டாவது போயிருக்கலாமில்ல" என்பேன். அவள் அந்தச் சாய்ந்த பார்வையோடு கேட்டுக்கொண்டிருப்பாள். எந்தப் பூ வாங்கினாலும் முதல் கண்ணி அவளுக்கு. ஆடியில் படையல் போட்டபோது, படத்தில் உடுத்தியிருந்தது பச்சை என்பதால் கடை கடையாய் ஏறி இறங்கிப் பச்சைச் சேலையே எடுத்தேன். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை, யார் என்றும் சொன்னதில்லை.

எனக்கு நாள் தள்ளிப் போனதும் முதலில் அவளிடம்தான் சொன்னேன். கண்ணாடியில் கை வைத்து, "நீ பாக்காத பிள்ளைய இதுல பாத்துக்க. இது ஒனக்கும் பிள்ளைதான். விட்டுக் குடு" என்று கேட்டேன். பையன் பிறந்தான். நல்ல கொழுக்கு மொழுக்கென்று இருந்தான். அவளுக்கு நேர் எதிரேதான் தூளி கட்டினேன், அவள் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

தவழ ஆரம்பித்த சமயத்தில் காய்ச்சல் வந்தது. மருந்து வாங்கிக் கொடுத்தோம், மந்திரித்தோம். ஜன்னி கண்டு கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. தாலுகா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வழியிலேயே என் தோளில் கனம் மாறிப்போனது. அது தெரிந்தும் நான் ஓட்டத்தை நிறுத்தவில்லை. அவர்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

புதைத்துவிட்டு வந்த பிறகு அந்தப் படத்தைப் பார்த்து நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பொட்டு வைக்கவில்லை, பூ வைக்கவில்லை. கும்பிடக் கும்பிடப் பிடுங்கிக்கொண்டாளே, இவளும் ஒரு பெண்ணா என்று எரிந்தது. பிறகு பயம் வந்துவிட்டது. இப்படி ஏசினால் இனிமேல் எதையும் கொடுக்க மாட்டாள். பழையபடி குங்குமத்தைக் குழைத்தேன். பொட்டு ஒரு கண்ணின் மேல் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தேன்.

அந்தக் கோடையில் ஒரு நாள் அவர் பேப்பர் படித்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். என்னவென்றால், ஹாலந்து என்கிற தேசத்தை ஜெர்மன்காரன் பிடித்துவிட்டானாம். ஊரில் ஒருவனும் அந்தப் பேரைக் கேட்டதில்லை. இவர் முகத்தைச் சுவரோடு திருப்பிக்கொண்டு அழுகிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "பெத்த பிள்ளைக்குக் கண்ணுல தண்ணி வரல. எவனோ ஒரு ஊருக்கு இங்க இழவு கொண்டாடுறீங்களே, அங்க உங்களுக்கு யாருங்க இருக்கறா?" என்று கத்தினேன். "நெறையப் பேர் இருக்காங்க" என்றார். புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

அடுத்து நான் உண்டானது யுத்தம் நன்றாக முற்றிய காலத்தில். மண்ணெண்ணெய்க்கு வரிசை, சர்க்கரைக்கு வரிசை. ஏழாம் மாசத்தில் ஒரு பகலில் வயசான ஒரு அம்மா தலையில் கூடையோடு வாசலில் வந்து நின்றார். பார்த்தால் புழுதியில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. தொப்பூருக்கு அந்தாண்டை ஊராம். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ், கணவாய் மேட்டில் மூச்சு முட்டி நின்றுவிட்டதாம். எல்லாரையும் இறக்கி நடக்கவைத்துவிட்டார்களாம். கூடையை இறக்கினார். உள்ளே புளிச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு. பிள்ளைத்தாய்ச்சிக்குத் தாய் வீட்டிலிருந்து கொண்டுவருகிற கட்டுச்சோறு.

"எம் மவ வூட்டுக்கு வந்துக்கிறேன் கண்ணு" என்றார்.

மூத்தவளின் தாயார். மகள் செத்த வீட்டை மிதிக்க மாட்டேன் என்று இத்தனை வருஷமும் வராதவர். இப்போது நான் வாயும் வயிறுமாக இருப்பதைக் கேள்விப்பட்டு, தன் மகள் இடத்துக்கு வந்தவள் தனக்கு மகள்தானே என்று பஸ் ஏறியிருக்கிறார். காலில் விழுந்தேன். எழுந்ததும் பெருமையாகக் கையைப் பிடித்துப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அன்று வெள்ளிக்கிழமை, பொட்டும் பூவும் புதிதாக இருந்தன. மகளை எப்படி வைத்திருக்கிறேன் என்று பார்க்கட்டும்.

அவர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார்.

"இது எந்தச் சாமி கண்ணு? மாதா கோயில் சாமியா?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? உங்க மவளத் தெரியலீங்களா?"

அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரொம்ப மெதுவாக, என்னைப் பயமுறுத்திவிடக் கூடாது என்கிற மாதிரி சொன்னார்: "எம் மவ கருப்பு கண்ணு. நல்ல கருப்பு."



சாயங்காலம் அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்தார். மாமியாரைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். வாங்க என்று சொல்லக்கூட நான் விடவில்லை. "யாருங்க இவ?" என்று படத்தைக் காட்டிக் கேட்டேன். அந்தக் குரல் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். "ஹாலந்து தேசத்துப் பொண்ணு. முந்நூறு வருசத்துக்கு முந்தி இருந்தவ" என்றார்.

கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. மூத்தவளின் சேலைகள் இருக்கும் என்று நான் கையே வைக்காத பெட்டி. அதை இழுத்துத் திறந்தார். உள்ளே சேலை இல்லை, எல்லாம் படம். பட்டணத்தில் படிக்கும்போது மூர் மார்க்கெட்டில் அட்டை கிழிந்த வெள்ளைக்காரப் புத்தகம் ஒன்றை ஏடு ஏடாகப் பிரித்து விற்றார்களாம். ஹாலந்துக்காரர்கள் வரைந்த படங்கள். பேப்பரில் படித்த அன்றைக்கு யாருக்காக அழுதார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பாயில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். எனக்கு இருந்த கோபத்தில் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டிருப்பேன். ஆனால் கண் சும்மா இருக்கவில்லை.

ஒருத்தி ஜன்னலோரம் நின்று பால் ஊற்றுகிறாள், பால் ஒழுகுகிற சத்தம்கூடக் கேட்கும் போலிருந்தது. ஒருத்தி வாசல் பெருக்குகிறாள். ஒன்றில் முக்கால்வாசியும் வானம், கீழே கோடு கிழித்தாற்போல ஊர். ஒன்றில் தட்டும் மீனும், பாதி தோல் உரித்துச் சுருளாகத் தொங்கவிட்ட எலுமிச்சம் பழமும். "உரிச்சதத் தின்னாம அப்படியே போட்டுட்டுப் போயிருக்காளே, பொறுப்பில்லாதவ" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பிற்காலத்துப் படம் ஒன்றில் ஒரு ஏழைக் குடும்பம், விளக்கைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கிழங்கு தின்றுகொண்டிருந்தது. அவர்கள் கை எங்கள் அப்பா கை மாதிரி கணு கணுவாக இருந்தது. பெட்டிக்கு அடியில் கரி தேய்த்த பெரிய காகிதங்கள் சுருட்டிக் கிடந்தன. பழவேற்காட்டில் டச்சுக்காரர் என்கிற இதே ஹாலந்துக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றனவாம். கல்லிலேயே கப்பலும் பூவும் செதுக்கி, வாசலில் காவலுக்கு இரண்டு எலும்புக்கூட்டுச் சிலைகளை நிறுத்தியிருக்கிறார்களாம். கல்மேல் காகிதம் வைத்துக் கரியால் தேய்த்து எடுத்துவந்திருக்கிறார். அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அங்கேதான்.

பிறகு சுவரில் இருந்தவளின் கதையைச் சொன்னார். வரைந்தவர் அவள் புருஷன்தான். கல்யாணமான புதிதில், வேஷம் கட்டி, தலையில் பூச்சுற்றி அவளை நிறுத்தி வரைந்தாராம். நான் எல்லாவற்றையும் சரியாகத்தான் ஊகித்திருந்தேன், புருஷன் மட்டும்தான் வேறு. அவளுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் சில வாரத்துக்குள் போய்விட்டன. நாலாவது பையன் நின்றான். அந்தப் பையனுக்கு ஒரு வயசு நிறையும் முன்பே அவள் போய்விட்டாள்.

 தன் பிள்ளைகளையே காப்பாற்ற முடியாமல் போனவளிடம் போய், என் பிள்ளையைக் காப்பாற்று என்று தூளியை எதிரில் கட்டியிருந்திருக்கிறேன். அவள் என்ன செய்வாள் பாவம்? படம் இருப்பது ருஷ்யாவிலாம், நகல் விற்றது மூர் மார்க்கெட்டிலாம், பொட்டு வைத்தது நான். உரியவளுக்கு ஒரு பூ இதழ்கூடப் போய்ச் சேரவில்லை. அதனால்தான் என் மகன் போனான் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். வயிற்றில் இருப்பதும் போய்விடும் என்று அழுதேன்.

மூத்தவளின் தாயார் என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். "எம் மவ அப்படிப்பட்டவ இல்ல கண்ணு. யாரு வவுத்துலயும் கை வெக்க மாட்டா" என்றார். பிறகு மாப்பிள்ளையிடம் கேட்டார்: "அந்தப் பொண்ணோட ஆத்தா இருந்தாளாங்க மாப்ள, அது சாவறப்ப?"

"இல்லீங்க அத்த. அவ சின்னதா இருக்கறப்பவே போயிட்டாங்களாம்."

"அதுவும் நல்லதுதான். பாக்காம போனா" என்றார்.

படம் வரைந்தவருக்கு அவள் போன பிறகு இன்னொருத்தி வந்தாளா என்று இவரைக் கேட்டேன்.  ஒருத்தி உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்குகிற படத்தைக் காட்டினார். வீட்டு வேலைக்கு வந்தவளாம். கடைசி வரை கட்டிக்கொள்ளாமலே சேர்ந்து வாழ்ந்தாராம். நொடித்துப்போன காலத்தில் முதல் மனைவியின் கல்லறையையே விற்றுவிட்டாராம்.

"இவ மூத்தாளுக்குக் கும்புட்டாளா?"

"அங்க அந்தப் பழக்கம் இல்ல."

"அதான் நொடிச்சுப் போனாங்க" என்றேன். 

ஏன் என்னிடம் முதல் நாளே சொல்லவில்லை என்று அன்று கேட்டுவிட்டேன்.  இந்தப் படத்துக்குக் கண்ணாடி போடச் சொன்னதே மூத்தவள்தானாம். அவளும் அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். "இந்தப் பொண்ணு மாதிரியே எனக்கும் தலைநெறையப் பூ வெச்சு, வவுத்தோட ஒரு படம் போடுங்க" என்று கேட்டாளாம். ஸ்கூலில் டிராயிங் பரீட்சை இருந்தது. பரீட்சை முடியட்டும் என்றாராம். பரீட்சை முடிவதற்குள் அவள் முடிந்துவிட்டாள். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று யாரும் எடுத்ததும் இல்லை. "ஊர்ல இருக்கற அத்தன பேர் மூஞ்சியவும் போட்டுருக்கேன், பியூன் மூஞ்சியக்கூட. அவளப் போடல. நீ அந்தப் படத்துல பொட்டு வெச்சப்ப, அவளுக்கே வெச்ச மாதிரி இருந்துச்சு. வேணாம்னு சொல்ல மனசு வரல" என்றார்.

"சரி, இப்பப் போடுங்க. உரியவளுக்குப் பொட்டு வெக்கணும். இல்லாட்டி எம் பிள்ள தங்காது" என்றேன். ஒரு படம் இருந்தால்தான் பூவாடைக்காரி வருவாள் என்று எந்தச் சாத்திரமும் இல்லை. எங்கள் ஊரில் வெறும் சேலையை மடித்துவைத்துத்தான் கும்பிடுவார்கள். ஆனால் எனக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் ஒரு முகத்தோடு பேசிப் பழகிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தார். யுத்த காலம், டிராயிங் காகிதம் கண்ணில் காணக் கிடைக்காது. பையன்கள் வரைந்து போட்ட பழைய தாள்களின் பின்பக்கத்தில் கரியால் போட்டார். முதலில் வந்தது சுவரில் இருந்தவளின் சாயல். இரண்டாவதில் நான் இருந்தேன். கிழித்தார், போட்டார், கிழித்தார். எதிரே அந்த அம்மா உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "இல்லீங்க மாப்ள. கண்ணு இவ்ளோ பெருசில்ல." "மூக்கு இன்னுங் கொஞ்சம் சப்ப." ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இதே வேலை. எனக்கு ஆறாத கோபம். கட்டின பெண்டாட்டியின் முகம் எப்படி ஒரு மனுஷனுக்கு மறக்கும்?

நேற்று சப்பை என்ற மூக்கை இன்றைக்கு அந்த அம்மா எடுப்பு என்றார். நான் விடுகிற ஆளா? "என்னம்மா, நேத்து ஒண்ணு சொல்றீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க?" என்றேன்.

அவர் வாய் கோணிக்கொண்டது. "எனக்கே மறந்து போச்சு கண்ணு" என்றார். "நாலஞ்சு வருசமாவே மூஞ்சி வர மாட்டேங்குது. மாப்ள போட்டா அதப் பாத்தாவது எனக்கு வரும்னு பாத்தேன். எல்லாத்துக்கும் இல்ல, இல்லன்னேன். எது ஆமான்னு எனக்குத் தெரியலியே. பெத்தவளுக்கே மறந்துபோச்சுன்னா அவ எங்க போவா?"

நான் எவ்வளவு அவசரக்காரி, எவ்வளவு கொடுமைக்காரி என்று என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகைத் தடவிவிட்டேன். அழுகைக்கு நடுவில் அந்த அம்மா சொன்னார்: "கண்ண மூடுனா முதுவுதான் கண்ணு வருது. தெனமும் முன்னால ஒக்கார வெச்சுத் தல வாரி வுடுவேன். எனக்கு முதுவக் காட்டிக்கிட்டே பேசிக்கிட்டு இருப்பா. அந்த முதுவ எங்க வேணாலும் காட்டுவேன்."

இவர் கரியைக் கீழே வைத்தார். பாயில் கிடந்த படங்களைக் கலைத்துத் தேடி ஒன்றை எடுத்தார். யாரோ ஒரு டச்சுக்காரர் ஒரு பெண்ணை முதுகுப் பக்கமாகவே நிறுத்தி வரைந்திருந்தார். முகம் கிடையாது. வெள்ளைப் பட்டு உடுப்பும், வெறும் கழுத்தும், தூக்கிக் கட்டிய கூந்தலும்தான். அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, புதிதாக ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டார்.

"அத்த, முதுவச் சொல்லுங்க."

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். தடங்கலே இல்லாமல் வந்தது. இடுப்பில் குடம் சுமந்து சுமந்து இடது தோள் கொஞ்சம் மேலே நிற்கும். கொண்டைக்குள் அடங்காமல் பிடரியில் சுருண்டு கிடக்கும் முடி. சின்னதில் கொதிக்கிற களி தெறித்துக் கழுத்தில் ஒரு தழும்பு. சொல்லச் சொல்ல இவர் கை ஓடியது. பிறகு பார்த்தால், அந்த அம்மா சொல்லாததையும் இவர் போட்டுக்கொண்டிருந்தார். குனிகிறபோது எலும்பு துருத்துகிற இடம். காதுக்குப் பின்னால் செருகியிருந்த ஒரு கறிவேப்பிலை ஈர்க்கு. இவருக்கும் அவள் முதுகுதான் அதிகம் தெரிந்திருந்தது. சமையல் கட்டில் அடுப்பு சுவரைப் பார்த்து இருந்தது. கூடத்திலிருந்து பார்த்தால் சமைக்கிறவளின் முதுகுதான் தெரியும். நானும் அதே அடுப்பில்தான் இத்தனை வருஷமாகச் சமைக்கிறேன். நான் செத்தால் என்னிடமிருந்து இவருக்கு எது மிஞ்சும் என்று அந்த நேரத்திலும் நினைத்தேன்.

முடித்துத் திருப்பிக் காட்டினார். அந்த அம்மா கண்ணைத் திறந்தார்.

"இவதான்" என்றார். "இவதாங்க மாப்ள. எம் மவ இவதான்."

கையை நீட்டி, தாளில் இருந்த கூந்தலைக் கோதினார். விரலெல்லாம் கரி ஒட்டிக்கொண்டது. ஊருக்குப் போகிற வரை அந்தக் கையை வேறு எதற்கும் நீட்டாமல் இடது கையாலேயே எல்லாவற்றையும் எடுத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை படையல் போட்டேன். பொட்டு வைக்க நெற்றி இல்லை. கொண்டை இருந்த இடத்தில் பூ வைத்தேன். சேலைக்கு என்ன நிறம் என்று அந்த அம்மாவிடம் கேட்டு, அரக்கில் எடுத்தேன். ஹாலந்துக்காரியை இறக்கிவிடட்டுமா என்று இவர் கேட்டார். வேண்டாம் என்றேன். மூன்று பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு ஒரு கிள்ளு பூ கொடுப்பதால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடப் போவதில்லை. அவள் ஒரு சுவரில், மூத்தவள் எதிர்ச் சுவரில்.

பெண் பிறந்தாள், தங்கினாள். யாருடைய புண்ணியம் என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மா ஒரே ஒரு முறை வந்து பேத்தியைப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த மழைக்காலத்தில் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மூத்தவளைப் பெற்றவளும் இல்லை என்று ஆனது.

என் மகளுக்குப் பேச்சு நன்றாக வந்திருந்த வயசு. என்னை மாதிரியே வாய். ஒரு நாள் பகலில், அவள் அப்பா கட்டிலில் படுத்திருக்க, பெட்டிமேல் ஏறி மூத்தவளின் படத்தை ஆணியிலிருந்து எடுத்துவிட்டாள். உடைத்துவிடப் போகிறாளே என்று நான் சமையல் கட்டிலிருந்து ஓடி வந்தேன். அவள் உடைக்கவில்லை. தரையில் வைத்து, படத்தைக் கவிழ்த்துப் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே வெறும் அட்டையும் ஆணியும்தான் இருந்தன. மறுபடி நிமிர்த்தினாள், மறுபடி கவிழ்த்தாள்.

"பெரிம்மா மூஞ்சி எங்க?" என்றாள். அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்: "பெரிம்மா ஏன் திரும்பவே மாட்டேங்குது? நீ கூப்புட்டா திரும்புமா?"

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"கூப்புட்டப்பெல்லாம் திரும்புனா சாமி" என்றார். "நாந்தான் சரியாப் பாக்கல."

குழந்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் குனிந்து படத்தை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, இருந்த இடத்தில் மாட்டினேன்.